பல ஆயிரம் படங்கள் எடுத்தும் ஏன் எதுவும் நினைவில் நிற்பதில்லை?

கேள்வி: மகள் பிறந்த நாளிலிருந்து போனில் பல ஆயிரம் படங்கள் எடுத்துவிட்டேன். அவற்றில் திரும்பிப் பார்த்தவை மிகக் குறைவு. பார்த்தாலும் அந்த நாள் மனதில் எழுவதில்லை. படமெடுக்கும் மும்முரத்தில் வாழ்க்கையைத் தவறவிடுகிறேனோ என்று பயமாக இருக்கிறது. எடுப்பதை நிறுத்திவிடலாமா? நல்ல கேமரா வாங்கினால் மாறுமா? ஊரில் அப்பாவின் உடல்நிலை தளர்ந்துவருகிறது. இந்த நிலையில் அவரைப் படமெடுக்கவும் மனம் தயங்குகிறது.

பதில்:

நிறுத்த வேண்டாம். ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. உளவியலாளர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஹெங்கெல் 2013 இறுதியில் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, சில பொருட்களைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்த பொருட்கள் குறைவாகவும் பார்த்த பொருட்கள் கூடுதலாகவும் நினைவில் இருந்தன. "கேமரா பார்த்துக்கொள்ளும்" என்று மனம் பொறுப்பைக் கைமாற்றிவிடுகிறது. இந்த முடிவு பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியை அநேகர் பேசவில்லை. அதில் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக்கி எடுக்கச் சொன்னார். அப்படி எடுத்தவர்களுக்கு நினைவு குறையவே இல்லை. நெருக்கமாக்காத மற்ற பகுதிகள்கூட நினைவில் இருந்தன. சொன்ன பகுதியை நெருக்கமாக்க அவர்கள் அந்தப் பொருளைக் கவனித்துப் பார்த்தாக வேண்டியிருந்தது, அதுதான் காரணமாக இருக்கலாம்.

2017இல் அலிக்ஸாண்ட்ரா பராஷ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வேறொரு கோணத்தில் சோதித்தார்கள். எதை எடுப்பது என்பதை மக்களின் விருப்பத்துக்கே விட்டார்கள். அப்போது படமெடுத்தவர்களுக்குக் கண்ணால் கண்டது மேலும் நன்றாக நினைவில் நின்றது. காதால் கேட்டது குறைந்தது. கேமராவே இல்லாமல் மனதுக்குள் படமெடுப்பதாக எண்ணிக்கொண்டவர்களிடமும் ஏறக்குறைய இதே விளைவுதான். கேட்டது குறைகிறது என்ற செய்தியை மறந்துவிடாதீர்கள், உங்கள் அப்பாவைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது இதுதான்: நினைவு பிடிபடுவது ஷட்டர் விழும் நொடியில் இல்லை. அதற்கு முன்னால் பார்ப்பதிலும், பின்னால் அந்தப் படத்தோடு உட்கார்ந்து பேசுவதிலும் அது பிடிபடுகிறது. போன் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் நொடியை மட்டும் மிக மிக எளிதாக்கிவிட்டது.

இதை நான் நம்புவதற்கு இன்னொரு காரணம், ஸ்டூடியோ இருட்டறையில் வேலை பழகியவன் என்பது. அங்கே ஒரு படத்துக்கு முன்னாலும் பின்னாலும் எவ்வளவு நடந்தது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு வகைப் படத்தை மட்டும் சொல்கிறேன். மஞ்சள் நீராட்டு முடிந்த பெண்ணை ஸ்டூடியோவுக்கு அழைத்துவருவார்கள். முதுகில் தாழம்பூவும் மல்லிகையும் வைத்துத் தைத்த பூஜடை. முகமும் தெரிய வேண்டும், ஜடையும் தெரிய வேண்டும். அதற்காகவே தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் ஓர் ஆளுயரக் கண்ணாடி இருக்கும். அதைப் பெண்ணுக்குப் பின்னால் சாய்வாக நிறுத்துவார்கள். கேமராவும் அதில் தெரியக்கூடாது, விளக்கின் வெளிச்சமும் அடிக்கக்கூடாது. கண்ணாடியை விரல் அளவு விரல் அளவாகத் திருப்பிக்கொண்டே இருப்பார் போட்டோக்காரர். அத்தைமார்கள் ஜடையில் நழுவிய பூவைச் சரிசெய்வார்கள். பெண் வெட்கமும் அலுப்புமாக நின்றுகொண்டிருப்பாள். இவ்வளவும் ஒரே ஒரு படத்துக்கு. அப்படிப் பிரிண்ட் ஆன படங்களில் சிலவற்றை உற்றுப் பாருங்கள். கண்ணாடியின் ஓரத்தில், ஒதுங்கி நிற்கும் தாயின் புடவைத் தலைப்பு கொஞ்சம் விழுந்திருக்கும். படத்தில் இடம்பெற வேண்டும் என்று யாரும் நினைக்காத ஒன்று. இன்று அந்தப் பெண் பேத்தி எடுத்த பிறகு அந்தப் படத்தில் முதலில் தொட்டுக் காட்டுவது அந்தத் தலைப்பைத்தான்.

அந்தப் படம் அவளுக்கு நினைவிருப்பதில் வியப்பில்லை. எடுப்பதற்கு அரை நாள் ஆனது. கழுவி வர ஒரு வாரம் காத்திருந்தார்கள். வந்த பிறகு சுவரில் மாட்டினார்கள், வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கதை சொன்னார்கள். பழைய '120' என்ற அகலச் சுருளில் சதுரப் படமானால் 12தான் வரும். 35 மில்லிமீட்டர் சுருள் என்றால் 36. பிலிம் தீர்ந்துவிடுமே என்ற கவலை ஒவ்வொரு முறையும் "இதை எடுக்கலாமா?" என்று கேட்க வைத்தது. உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைத் தயாரித்த காலத்திலும், அது சாதாரணக் குடும்பத்துக்கு அலட்சியமாகச் செலவழிக்கக்கூடிய பொருளாக இல்லை. பழைய காலத்துக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏழைக் குடும்பங்களில் எத்தனையோ பேர் வாழ்நாளில் ஒரு படம்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். சிலருக்கு இறந்த பிறகு நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த படமே முதல் படம். அந்தப் பஞ்சம் தீர்ந்தது நல்லதுதான். பஞ்சத்தோடு சேர்ந்து நின்று பார்க்கும் பழக்கமும் போய்விட்டதுதான் இழப்பு.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு இப்படிப்பட்ட தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கியிருக்கிறது. நம் குடும்பங்கள் தங்களை எப்படிப் பார்க்க விரும்பின என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஒரு படத்துக்கு எவ்வளவு கனம் இருக்க முடியும் என்பதை ஈழத்து அன்னையர் காட்டியிருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் பிடித்திருந்த படங்களைக் கவனித்திருப்பீர்கள். அவற்றில் பல, அடையாள அட்டைக்கோ விண்ணப்பத்துக்கோ எடுத்த சிறு படங்களிலிருந்து பெரிதாக்கியவை. கலை நோக்கம் எதுவும் இல்லாமல், வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு நிமிடத்தில் எடுத்தவை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஆல்பங்களை இழந்தவர்களுக்கு மிஞ்சியது அதுதான். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. படத்தின் தரம் வேறு, நமக்கு அதன் மதிப்பு வேறு. கேமரா வாங்குவதைப் பற்றி யோசிக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

இனி, பார்ப்பது. வாழ்வைப் பார்ப்பதற்கென்றே படமெடுத்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பிராக் நகரின் யோசெப் சூடெக். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். கனமான பெரிய கேமராக்களை ஒற்றைக் கையால் கையாண்டவர். நாஜிகள் நகரைப் பிடித்திருந்த காலத்தில், 1940இல், அவர் தன் ஸ்டூடியோவின் ஜன்னலைப் படமெடுக்கத் தொடங்கினார். 1954 வரை தொடர்ந்தார். வெளியே ஒரு கோணல் மரம், தோட்டம். உள்ளே ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடித் தம்ளர், சில நேரம் ஒரு பூ. கண்ணாடியில் பனி படிகிறது, நீர்த்துளி வழிகிறது, உறைகிறது, தெளிகிறது. ஒரே ஜன்னல்தான். ஆனால் ஒரு படம் இன்னொன்றைப் போல இருக்காது. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தவிக்கும் எவருக்கும் அந்தப் படங்களைப் பரிந்துரைப்பேன்.

உங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் கட்டாயம் இருக்கும். மகள் வீட்டுப்பாடம் எழுதும் மூலை, மொட்டை மாடியில் துணி காயும் கொடி, காலையில் வெயில் விழும் சமையலறைச் சுவர். ஒன்றைத் தேர்ந்துகொண்டு அடிக்கடி எடுங்கள். சில வாரங்களில் மார்கழி வெயிலுக்கும் சித்திரை வெயிலுக்கும் உள்ள வேறுபாடு உங்கள் கண்ணுக்குத் தானாகவே பிடிபடத் தொடங்கும். எடுக்காத நாட்களிலும் பிடிபடும். அந்தப் பழக்கம்தான் எனக்குப் படங்களைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஆட்களை எடுப்பதற்கும் இதே வழி உண்டு. அமெரிக்கரான நிக்கலஸ் நிக்சன் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் ஆண்டுதோறும், ஒரே வரிசையில் நிற்க வைத்து, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எடுத்தார். தனித்தனியாகப் பார்த்தால் நான்கு பெண்கள் நிற்கும் படம், அவ்வளவுதான். அடுக்கிப் பார்த்தால் மூச்சடைக்கும். நம் வீடுகளில் பொங்கலோ தீபாவளியோ எல்லோரும் கூடுகிறோம். அதே வாசல், அதே வரிசை, ஆண்டுக்கு ஒரு படம். இதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை, விடாமல் செய்தால் போதும்.

எடுக்கும்போது ஒரு சின்ன உத்தி. போனின் முக்கிய லென்ஸ் அகலமானது, பழைய 35 மில்லிமீட்டர் கணக்கில் ஏறத்தாழ 24 முதல் 28 வரை வரும். அதை வைத்து முகத்தருகே போனால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஒடுங்கும். முகங்களுக்கு 2 மடங்கு என்று காட்டும் அளவை வைத்துக்கொண்டு ஓரிரு அடி பின்னால் நில்லுங்கள். அது பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அருகில் வரும். பிரான்ஸின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தன் வாழ்நாளின் பெரும்பாலான படங்களை 50இல்தான் எடுத்தார். பிளாஷ் வேண்டாம், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினால் போதும். மகளைச் சிரிக்கச் சொல்லாதீர்கள். அவள் ஏதோ செய்துகொண்டிருக்கும்போது எடுங்கள். ஒன்று எடுத்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு அவளோடு இருங்கள். பத்துப் படத்தைத் தட்டிவிட்டு "பிறகு நல்லதைத் தேர்ந்தெடுக்கலாம்" என்று நினைப்பதுதான் பார்வையை மழுங்கடிக்கிறது. அந்தப் "பிறகு" வருவதே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்து, திரும்பிப் பார்ப்பது. இதில் இருவரை ஒப்பிட வேண்டும். பிரான்ஸின் ழாக் ஆன்றி லார்த்தீக் 1894இல் பிறந்தவர். சிறு வயதில், கேமரா கையில் வருமுன்பே, கண்ணை வேகமாகத் திறந்து மூடிக் காட்சிகளைப் பிடித்து வைக்க முயன்றதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா கேமரா வாங்கிக் கொடுத்த பிறகு வாழ்நாள் முழுக்க எடுத்தார். உறவினர்கள், படகு, பட்டம், கார்ப் பந்தயம், வீட்டு நாய் எல்லாம் உண்டு. எடுத்ததோடு நிற்கவில்லை. அன்றன்று நாட்குறிப்பு எழுதினார். எடுத்த படத்தைச் சிறு கோட்டுச் சித்திரமாக அதில் வரைந்தும் வைத்தார். ஆல்பங்களை வாழ்நாள் முழுவதும் ஒட்டியும் மாற்றியும் அடுக்கினார், நூற்றுக்கும் மேலானவை. 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கண்காட்சி வைக்கும்வரை அவரை வெளியுலகம் ஒளிப்படக் கலைஞராக அறியவே இல்லை. தனக்காகத்தான் செய்துகொண்டிருந்தார்.

சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர் இதற்கு மறுபக்கம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். நிறையச் சுருள்களைக் கழுவக்கூட இல்லை. 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தபோதுதான் அவை வெளியில் தெரிந்தன. 2009இல் அவர் இறந்தார். அவர் வாழ்வு வீணாயிற்று என்று நான் சொல்லமாட்டேன். தெருவில் நின்று அப்படிப் பார்த்ததே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் தேவை வேறு. நீங்கள் நினைவு வேண்டும் என்கிறீர்கள். அதற்கு லார்த்தீக் வழிதான் சரி.

ஆகவே மாதம் ஒருமுறை ஒரு மாலையை ஒதுக்குங்கள். அந்த மாதப் படங்களிலிருந்து பன்னிரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். பழைய 120 சுருளின் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எதை ஏன் வைத்துக்கொள்கிறோம் என்ற வாக்குவாதத்திலேயே பாதி நினைவு ஊறிவிடும். தேர்ந்தவற்றை 4க்கு 6 அங்குலத்தில் பிரிண்ட் போடுங்கள். யார், எங்கே, எப்போது என்பதோடு அந்த நேரம் என்ன பேசினோம் என்று ஒரு வரியும் எழுதுங்கள். இன்றைய பிரிண்ட் தாளின் பின்புறம் பிளாஸ்டிக் பூச்சு கொண்டது, சாதாரணப் பென்சில் சரியாகப் பதியாது. பால்பாயிண்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் வடுவாகத் தெரியும். ஆல்பத்தின் பக்கத்தில், படத்துக்குக் கீழே எழுதுவதே நல்லது. ஒட்டும் பசைப் பக்கத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்களை வாங்காதீர்கள். அந்தப் பசை நாளடைவில் படத்தைத் தின்றுவிடும்.

வீட்டில் பழைய படங்கள் இருந்தால் சில எச்சரிக்கைகள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்க முயலாதீர்கள், மேலே உள்ள ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே முதலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். 1970களின் வண்ணப் படங்கள் செம்மை பூத்திருந்தால் அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், அவற்றின் சாயங்கள் இன்னும் மங்கிக்கொண்டே இருக்கின்றன. கறுப்பு வெள்ளை அவசரமில்லை. படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ ரசாயனத்தை நன்றாக அலசி எடுத்த வெள்ளிப் பிரிண்ட் தாத்தா காலத்திலிருந்து நம் பேரன் காலம்வரை தாங்கும். ஈரமும் இராமபாணப் பூச்சியும்தான் அதற்கு எதிரி. உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி முதலிய விவரங்களும் கழன்றுவிடும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். படம் நினைவைக் காப்பதைப் போலவே நினைவைப் புனையவும் வல்லது. 2002இல் கிம்பர்லி வேடும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். பெரியவர்களின் சிறுவயதுப் படங்களை வாங்கி, அவர்கள் வெப்பக்காற்று பலூனில் பறந்ததுபோல் ஒரு பொய்ப் படத்தை ஒட்டுவேலையாகச் செய்து காட்டினார்கள். அப்படி யாரும் பறந்ததே இல்லை. சில அமர்வுகளுக்குப் பிறகு கலந்துகொண்டவர்களில் பாதிப் பேர் அந்தப் பயணத்தை முழுமையாகவோ ஓரளவோ "நினைவுகூர்ந்தார்கள்". இன்றைய போன்களோ பின்னால் நிற்பவரை அழிக்கின்றன, மூடிய கண்ணைத் திறக்கின்றன, வேறொரு நொடியின் சிரிப்பை எடுத்து ஒட்டுகின்றன. குடும்பப் படங்களில் இந்த வேலையைச் செய்யாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். செய்தாலும் மூலத்தை அழிக்காதீர்கள். கண்ணாடி ஓரத்துப் புடவைத் தலைப்பைத்தான் இந்தக் கருவி முதலில் துடைத்தெறியும்.

கேமரா வாங்கலாமா என்றால், இப்போது வேண்டாம். மேலே சொன்னபடி ஓர் ஆண்டு செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் கை பரபரத்தால் ஒரே ஒரு லென்ஸோடு ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொள்ளலாம். போனில் மற்ற செய்திகளும் வந்து விழும், கேமராவில் அது இல்லை. அந்த ஒரு நன்மை உண்மையானது.

கடைசியாக உங்கள் அப்பா. தயக்கம் புரிகிறது. "இந்தக் கோலத்தில் அவரைப் பதிய வேண்டுமா?" என்பதுதானே? அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் முகத்தை விட்டுவிடுங்கள். அவர் செய்தித்தாளை மடித்துப் பிடிக்கும் கை, மூக்குக்கண்ணாடிக் கூடு, அவர் உட்காரும் நாற்காலியில் தேய்ந்துபோன இடம், அவருடைய கையெழுத்தில் இருக்கும் கணக்கு நோட்டு ஆகியவற்றை எடுங்கள். படுக்கையில் இருப்பதை எடுப்பதானால் அவர் அறிய எடுங்கள், எடுத்ததை அவரிடம் காட்டுங்கள், அழித்துவிடு என்று சொன்னால் அழித்துவிடுங்கள்.

அதைவிட அவசரமானது வேறொன்று. வீட்டில் இருக்கும் பழைய ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். கல்யாணக் குழுப் படத்தில் பின்வரிசையில் நிற்பவர்களின் பெயர் இன்று அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். ஒவ்வொரு முகமாகக் காட்டி "இது யாருப்பா?" என்று கேளுங்கள். போனை ஒலிப்பதிவில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். படமெடுப்பவருக்குக் கேட்டது நழுவிவிடுகிறது என்று முன்னே சொன்னேன். அவர் குரலும், பெயர் ஞாபகம் வராமல் "அட, நம்ம..." என்று இழுக்கும் அந்த இழுப்பும் எந்தப் படத்திலும் விழாது. ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். மின்விசிறியைச் சற்று நேரம் நிறுத்திவையுங்கள், பதிவில் அதன் இரைச்சல்தான் உரக்கக் கேட்கும். அன்றன்றைக்குப் பேசிய பக்கங்களைப் படமெடுத்து, ஒலிப்பதிவுக்கும் அந்தப் படங்களுக்கும் ஒரே தேதியைப் பெயராக வைத்து, உங்களிடம் ஒரு பிரதியும் உடன்பிறந்தவர் ஒருவரிடம் இன்னொரு பிரதியும் இருக்கும்படி செய்துவிடுங்கள்.